ஒரு நாளைக்கு மூன்று கோடு

"மருந்துக்கும் நோன்பு உண்டா உம்மா?"

தேங்காப்பட்டணத்துக் கயிற்று வியாபாரி கமருதீனின் மகள் மும்தாஜ் கேட்ட கேள்வி இது. அப்போது அவளுக்கு ஆறு வயது. காலையில் மருந்துப் புட்டியைக் கையில் எடுத்த உம்மா, அதைக் குடிக்காமலே மறுபடியும் அலமாரியில் வைத்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"உண்டு மக்கா. மஃரிபு பாங்கு சொன்ன பொறவுதான் அதுக்கும் நோன்பு தொறக்கும்" என்று சொல்லிச் சுலைகா பீவி சிரித்தாள். பிள்ளையும் சிரித்தது.

அந்தக் கேள்வியை அன்றைக்கே வீட்டில் யாராவது ஒருவர் நின்று யோசித்திருந்தால், பின்னால் வந்த துன்பம் வந்திருக்காது. அதன் வழியாக வந்த நன்மையும் வந்திருக்காது. ஆகையால் நான் யாரையும் குறை சொல்லப் போவதில்லை.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் ஆண்டு. நோன்பு மாதம் டிசம்பரில் வந்தது. அதற்கு முன்பே, மழை ஓய்ந்த கையோடு, சுலைகாவுக்கு முறைக்காய்ச்சல் பிடித்துவிட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், உச்சிப்பொழுதில் குளிர் ஏறும். வீட்டிலுள்ள போர்வை எல்லாவற்றையும் மேலே போட்டாலும் பல் கிட்டிக்கும். பிறகு உடம்பு அனலாகும். பிறகு வேர்த்து விட்டுவிடும். மறுநாள் எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல அடுப்பு மூட்டுவாள். அதற்கும் மறுநாள் மீண்டும் குளிர்.

நோன்புப் பிறை தெரிய வேண்டிய நாளன்று காலையில் கமருதீன் வள்ளத்தில் ஏறிக் குழித்துறைக்குப் போனார். அங்கிருந்து நடந்து மார்த்தாண்டம் சந்தையருகே வள்ளிநாயகம் பிள்ளையின் மருந்துக்கடைக்கு வந்தார். கடை பிள்ளையுடையது, மருந்து கலக்குகிறவர் ஞானதாசன் கம்பவுண்டர். நெய்யூர் ஆஸ்பத்திரியில் வேலை படித்தவர். ஒடிசலான மனிதர், யாரிடமும் குரல் உயர்த்தமாட்டார். காலையில் கடை திறந்ததும் தராசுக்கு முன்னால் நின்று ஒரு நிமிஷம் கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டுத்தான் முதல் புட்டியைத் தொடுவார்.

அவரிடம் தடித்த நோட்டு ஒன்று இருந்தது. வரவு செலவு எழுதுகிற நோட்டு அல்ல. வீட்டுக்கு ஒரு பக்கம். அந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன வயது, யாருக்கு இழுப்பு, யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, எந்தப் பிள்ளைக்குப் பூச்சி மருந்து எப்போது கொடுத்தது என்று எல்லாம் அதில் இருக்கும். அடுத்த முறை வருகிறவர் பாதி சொல்வதற்குள் மீதியை அவரே சொல்லிவிடுவார்.

அன்றைக்கும் அப்படித்தான் விசாரித்தார். சுலைகாவுக்கு வயது என்ன, பிள்ளை உண்டாகியிருக்கிறாளா, காது வலி, தலைசுற்றல் முன்பு உண்டா என்று கேட்டு எழுதிக்கொண்டார். கமருதீன் நீட்டிய புட்டியை முகர்ந்து பார்த்தார்.

"மொதலாளி, இது நல்லெண்ண இருந்த புட்டியாக்கும்."

"அவ நல்லாக் கழுவித்தான் தந்தா."

"கழுவினது அவியளுக்குத் தெரியும். எண்ணெக்குத் தெரியல்லியே" என்று சிரித்துக்கொண்டே, கொதிநீர் விட்டு இரண்டு முறை அலசி எடுத்தார். பிறகு முறைக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா மருந்தைக் கலந்து ஊற்றினார். ஒரு வெள்ளைத் தாளை மடித்து, ஓரத்தைக் கத்தரியால் பல் பல்லாக வெட்டி, புட்டியின் பக்கவாட்டில் ஒட்டினார். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் உள்ளது ஒரு வேளை மருந்து. ஊர் ஜனங்கள் அதைக் கோடு என்பார்கள்.

"பன்னிரண்டு கோடு. நாலு நாளைக்கு உள்ளது. ஒரு நாளைக்கு மூணு கோடு. நல்லாக் குலுக்கிட்டு ஊத்தணும். பிள்ளைக்க கை எட்டாத எடத்துல வைக்கணும். தீந்த பொறவு வாங்கோ."

அவர் கேட்டது எல்லாம் சரி. ஒன்றை மட்டும் கேட்கவில்லை. மறுநாள் அந்த வீட்டில் பகல் முழுவதும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் பெரியவர்கள் வாயில் போகாது என்பது அவர் நினைவில் வரவில்லை.

தீனம் பிடித்த நோயாளி நோன்பைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்று மார்க்கத்தில் இடம் உண்டு. பள்ளிவாசல் லெப்பையும் அதைத்தான் சொல்லி அனுப்பினார். சுலைகா கேட்கவில்லை. போன ஆண்டு நோன்பிலும் இதே காய்ச்சலில் கிடந்து விட்டுப்போன நாட்கள் அவளுக்குப் பாக்கி இருந்தன. "படச்சவனுக்கு மேல மேல கடன் வைக்க எனக்குப் பேடியும் பயமுமாட்டு இருக்கு" என்றாள். நோன்பையும் விடக்கூடாது, மருந்தையும் விடக்கூடாது. அவள் மனசு சுத்தமான மனசு. ஒரு நாளைக்கு மூன்று கோடு என்றால் மூன்று கோடு. பகலில் குடிக்க முடியாது. ஆகையால் மாலையில் பள்ளிவாசல் பாங்கு கேட்டதும் ஒரு பேரீச்சம்பழம் கடித்து, நோன்புக் கஞ்சி இரண்டு வாய் குடித்துவிட்டு, மூன்று கோட்டையும் ஒன்றாக ஒரு டம்ளரில் ஊற்றி, கண்ணை மூடிக் குடித்தாள்.

முதல் நாள் தலை கிறுகிறுத்தது. பசி என்று நினைத்தாள். இரண்டாம் நாள் காதுக்குள் வண்டு இரைந்தது. மூன்றாம் நாளும் குடித்தாள். நான்காம் நாள் மாலை கஞ்சிக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு பாங்குக்காகக் காத்திருந்தாள். வெளிச்சம் மங்கியது. மும்தாஜ் வந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். பிள்ளையின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

பாங்கு சொல்லி முடிந்து வெகு நேரம் ஆகியிருந்தது.

சுலைகா கோப்பையை வைத்துவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள். "எனக்குப் பாங்கு கேக்கல்ல... எனக்குப் பாங்கு கேக்கல்லியே" என்று அவள் அழுத சத்தம் தெருவுக்கே கேட்டது, அவளுக்குக் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் கமருதீன் புட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். பயந்த மனிதருக்குக் கோபம் பெரிய துணை. வள்ளத்தில் இருந்த அத்தனை பேரிடமும் சொன்னார். "எனக்க பெண்டாட்டிக்கக் காத அவிச்சிட்டான்! மார்த்தாண்டம் கம்பவுண்டர் வெஷத்தக் கலக்கித் தந்திட்டான்!" குழித்துறைக் கடவில் இறங்கும்போது அந்தச் செய்தி அவருக்கு முன்னாலேயே இறங்கி நடந்தது.

கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். கமருதீன் புட்டியைப் பலகையின் மேல் ஓங்கி வைத்தார்.

"ஓய் கம்பவுண்டரே! நீரு படிச்சது மருந்து கலக்கவா, ஆளக் கொல்லவா?"

எல்லோரும் திரும்பினார்கள். பின்னால் நின்ற ஒருவர், "எனக்குத் தந்ததையும் ஒண்ணு மோந்து பாத்திரும் வேய்" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஞானதாசன் புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்பது கோடு போயிருந்தது, மூன்று மீதி. மூன்று நாளுக்கு ஒன்பது. அளவு சரியாக இருந்தது. அவருக்கு விளங்கவில்லை. பலகையைச் சுற்றி வந்து, கமருதீனின் அருகில் நின்று, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மொதலாளி, எப்பெப்பக் குடிச்சாவ?"

"எப்பக் குடிப்பா? நோன்பு தொறந்த பொறவுதான்."

"மூணு கோட்டையுமா?"

"பின்ன? ஒரு நாளைக்கு மூணுன்னு நீருதானே சொன்னீரு?"

சொல்லி முடித்ததும் கமருதீனின் முகம் மாறியது. தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது. அவர் வாயைத் திறக்குமுன் ஞானதாசன் அவர் கையைப் பிடித்து அழுத்தினார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"பிழை என்னதாக்கும். மொதலாளி கோவப்பட்டதுல ஞாயம் உண்டு."

முன்னால் உட்கார்ந்திருந்த வள்ளிநாயகம் பிள்ளை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "என்னவோய் இது? நாலு பேருக்கு முன்ன இப்பிடிச் சொன்னா, நாளைக்குக் கடைக்கு எவன் வருவான்?"

"ஒரு பொழுது லீவு தரணும். நான் போயிப் பாத்திட்டு வாறேன்" என்றார் ஞானதாசன். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

இருவரும் வள்ளத்தில் ஏறினார்கள். கமருதீன் ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டார்கள். சுலைகா உள்ளே திரைக்குப் பின்னால் இருந்தாள். இப்போது ஒரு சங்கடம் வந்தது. காது கேளாதவளுக்குச் சொல்ல வேண்டுமென்றால் கத்த வேண்டும். கத்தினால் தெரு முழுவதும் கேட்கும். எழுதிக் காட்டலாம் என்றால், அவள் படித்தது அரபு எழுத்தில் எழுதுகிற அரபுத்தமிழ். கம்பவுண்டருக்கு அந்த எழுத்துத் தெரியாது, கமருதீனுக்கும் எழுத வராது. ஞானதாசன் சற்று யோசித்துவிட்டு, மும்தாஜிடம் ஒரு தட்டும் கொஞ்சம் புளியங்கொட்டையும் கேட்டார்.

மூன்று கொட்டைகளைத் தட்டின் நடுவில் ஒன்றாக வைத்து, அதன் மேல் விரலை ஆட்டி, வேண்டாம் என்று காட்டினார். பிள்ளை தட்டை உள்ளே கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தாள். அடுத்து மூன்றையும் தள்ளித் தள்ளி வைத்தார். முதலாவதன் பக்கத்தில் ஒரு பேரீச்சம்பழம். நோன்பு திறக்கும் நேரம். இரண்டாவதன் பக்கத்தில் மடித்த தொழுகைத் துணி. இரவுத் தொழுகை முடிந்த நேரம். மூன்றாவதன் பக்கத்தில் ஒரு பிடி சோறு. விடியுமுன் சாப்பிடும் சஹர் நேரம். தட்டு உள்ளே போனது. வெகு நேரம் வரவில்லை.

"உம்மா அழுவுதா" என்றாள் மும்தாஜ் வெளியே வந்து.

"அழட்டு மக்கா. காது தொறக்கும்னு சொல்லு. கைய இப்பிடிக் காட்டு." அவர் காதருகே விரல்களைக் குவித்து மெல்ல விரித்துக் காட்டினார். "ரெண்டு நாளு மருந்து வேண்டாம். தலை தெளிஞ்ச பொறவு இந்த மாதிரி. ரெண்டு நாளுல தெளியல்லன்னா நெய்யூருக்குக் கொண்டு போணும், ஒரு மணிக்கூரு தாமசிக்கப்பிடாது."

கமருதீன் தயங்கிச் சொன்னார்: "நோன்ப விடச் சொல்லுவியன்னு நெனச்சேன்."

"நோன்ப விடச் சொல்ல நான் ஆளில்ல மொதலாளி. அது அவியளுக்கும் படச்சவனுக்கும் உள்ள காரியம். மருந்த நோன்புக்கு ஏத்தாப்புல மாத்த நான் ஆளு. அத நான் அன்னைக்கே செய்திருக்கணும்."

படி இறங்கும்போது குரலைத் தாழ்த்தினார்.

"மூணையும் சேத்துக் குடிச்ச காரியம் வெளியில தெரியாண்டாம். பெண்டுவ சிரிப்பாளுவ. தொழுது நோன்பு பிடிச்ச பிள்ள, அதச் சிரிப்பாக்கப்பிடாது. எவனாவது கேட்டா, கம்பவுண்டருக்குப் பிழைன்னு சொன்னாப் போரும். எனக்கு வாக்குத் தரணும்."

கமருதீன் வாக்குக் கொடுத்தார். ஏற்கெனவே வள்ளம் முழுவதும் அப்படித்தானே சொல்லியிருந்தார்.

இரண்டாம் நாள் காலையில் சுலைகாவுக்கு முதலில் கேட்டது, ஆற்றங்கரையில் ஊறிய தேங்காய்க் கதம்பையைத் தல்லி அடித்து நார் எடுக்கும் சத்தம். கனவு என்று நினைத்தாள். பிறகு காக்கை. பிறகு, உம்மா என்று பிள்ளையின் குரல். அன்று மாலைப் பாங்கை அவள் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை கேட்டாள். பத்து நாளில் காய்ச்சலும் விட்டது. எழுந்து நடக்கத் தொடங்கியதும் அவள் முதலில் செய்தது, வீட்டிலிருந்த காலிப் புட்டி எல்லாவற்றையும் கொதிநீரில் அலசி, வாய் கவிழ்த்துக் காயவைத்ததுதான்.

நோன்பின் கடைசி வாரத்தில் கமருதீன் ஒரு தார் பழத்தோடு மார்த்தாண்டம் போனார். திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் திண்ணையில் உட்கார்ந்தார்.

"என்னவாக்கும்?" என்றாள் சுலைகா.

"கடையில ஈ காக்கா இல்ல. நம்மூரு ஆளு ஒருத்தன்கூடப் போறதில்ல. புதுக்கடை, இனயம் ஊருகள்ல இருந்து வாறவனும் இல்ல. தை மாசம் வரைக்கும் பாக்கேன், பொறவு வேற கம்பவுண்டரத் தேடணும்னு பிள்ள சொல்லிட்டாராம். கம்பவுண்டருக்கு நாலு பிள்ளைய."

"ஏன் போவாம இருக்கினும்?"

கமருதீன் நடந்ததை எல்லாம் சொன்னார். கடையில் கத்தியது, அவர் கையைப் பிடித்து அழுத்தியது, பிழை என்னது என்று சொன்னது, வாக்கு வாங்கியது.

"இன்னைக்கு நாலு பேருக்கு முன்ன உள்ளதச் சொல்லிருதேன்னு காலப் பிடிக்காத கொறையாச் சொன்னேன். வேண்டாங்காரு. வாக்கு வாக்குதானாம். பொம்பளக்கப் பேரு சந்தையில அடிபடப்பிடாதாம். கர்த்தர் பாத்துக்கிடுவாருங்காரு. நான் என்ன செய்ய?"

சுலைகாவுக்கு இது எதுவும் தெரியாது. ஊரில் எல்லோரும் மருந்தின் மேல் பழி சொல்வதைக் கேட்டும், ஏதோ பேச்சு என்று இருந்துவிட்டாள். தன் பிழையைத் தூக்கி ஒரு மனிதர் தன் தலையில் வைத்துக்கொண்டு பத்திருபது நாளாகச் சுமக்கிறார் என்பது இப்போதுதான் தெரிந்தது. கணவர் கொடுத்த வாக்குக் கணவரைக் கட்டும். அவளிடம் யாரும் வாக்கு வாங்கவில்லை.

அவள் எழுந்து உள்ளே போனாள்.

அடுத்த வீட்டில் கதீஜா உம்மாள் இருந்தாள். அவள் கணவருக்குக் கொழும்பில் வியாபாரம். அவளிடம் சொன்னது பிற்பகல் அஸர் தொழுகைக்குள் ஆற்றைத் தாண்டிவிடும் என்பது ஊரறிந்தது. அவளுடைய நாலு வயது மகன் மைதீன் கனிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். மறுநாள் நடுப்பகலில், ஆண்கள் பள்ளிவாசலில் இருக்கும் நேரமாகப் பார்த்து, சுலைகா கழுவிக் காயவைத்த ஒரு புட்டியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு அவள் அடுக்களைக்குப் போனாள். வேறு யாரும் இல்லை.

பிள்ளை பாயில் சுருண்டு கிடந்தது. தொட்டால் சுட்டது.

"யாரையாவது மார்த்தாண்டத்துக்கு அனுப்பினியா?" என்றாள் சுலைகா.

"எங்க, ஒனக்கக் காத அவிச்ச அந்தக் கம்பவுண்டர்கிட்டயா? நல்லாச் சொன்ன. வேர்க்கசாயம் போட்டுக் குடுத்திருக்கேன்."

"அவரு அவிக்கல்ல மைனி. நான்தான் அவிச்சேன்."

கதீஜா உம்மாள் கரண்டியை நிறுத்தினாள்.

"ஒரு நாளைக்கு மூணு கோடு குடிக்கச் சொன்னாரு. நோன்பாச்சேன்னு, மூணையும் ஒண்ணாக் கலக்கி ராத்திரி குடிச்சேன். மூணு நாளு."

"மூணையுமா?"

"ஓ."

"ஒரே டம்ளருலயா?"

"ஓ."

முதலில் கதீஜா உம்மாளின் தோள் குலுங்கியது. பிறகு கரண்டி கீழே விழுந்தது. "ஏட்டி பாவி! ஆனெக்குத் தீனமா, ஒனக்குத் தீனமா? அப்ப சஹருக்கும் நோன்பு தொறக்கியதுக்கும் சேத்து ஒரே சோறாட்டுத் தின்னுவியா?" கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சுலைகாவின் முகம் சிவந்தது. தலையைக் குனிந்துகொண்டாள், ஆனால் நகரவில்லை. சிரிப்பு முழுவதும் தீரும்வரை அடுப்பங்கரையில் நின்றாள்.

"சிரிச்சு முடிச்சாச்சா?" என்றாள்.

"இல்லட்டி, இன்னும் உண்டு." மறுபடியும் கொஞ்சம் சிரித்தாள்.

"முடிஞ்ச பொறவு ஒனக்கத் தம்பி சுலைமான இந்தப் புட்டியோட அனுப்பு. எண்ணெ வாடை கெடையாது, நானே அலசினதாக்கும். பிள்ளைக்கு எத்தன வயசு, எத்தன நாளுக் காச்சல், என்ன தின்னுதான், எல்லாம் சொல்லணும். அவரு கேப்பாரு. கேக்கதுக்கெல்லாம் அவன் பதில் சொல்லணும். எப்பெப்பக் குடுக்கணும்னு அவனும் கேக்கணும்."

கதீஜா உம்மாள் மகனைப் பார்த்தாள். பிறகு புட்டியை வாங்கினாள். அவளுக்கு அது சிரிக்கத்தக்க ஒரு கதை. பிள்ளைக்கு மருந்து கிடைக்கிற ஒரு வழி. அங்கே ஒரு கடன் தீர்ந்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

மைதீன் கனிக்கு நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. அதற்குள் கதை ஆற்றைத் தாண்டிவிட்டது. தண்ணீர் எடுக்கப் போனால் "மூணு கோட்டுச் சுலைகா வாறா" என்று பெண்கள் வாயைப் பொத்தினார்கள். அவள் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள். பெருநாளுக்குப் பாயசம் கொண்டு வந்த சின்னப் பெண்கூட, "மாமி, பாயசத்தையும் மூணு கோப்பை சேத்துத் தரட்டா?" என்று கேட்டுவிட்டு ஓடியது.

பெருநாள் கழிந்து கமருதீன் மார்த்தாண்டம் போய் வந்தார். வரும்போதே குழம்பிய முகம்.

"கம்பவுண்டருக்கு வருத்தம். நான் வாக்குத் தெத்திட்டேன்னு நெனச்சிட்டாரு. அல்லாஹ் மேல ஆணையா நான் வாய் தொறக்கல்லன்னு சொன்னேன். பின்ன ஊருக்குள்ள யாரு சொன்னாங்காரு. அவருக்கு ஒன்ன நெனச்சுத்தான் வெசனம்."

"கடையில ஆளு உண்டா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் சுலைகா.

"ஆளா? எடம் இல்ல. நம்மூரு வள்ளத்துல போன புட்டி மட்டும் பதினொண்ணு. வாறவன்கிட்டெல்லாம் மொதல்ல, ஒங்க வீட்டுல எப்பச் சாப்பிடுவிய, எப்ப உறங்குவியன்னு கேட்டுட்டுத்தான் நோட்டத் தொறக்காரு. பிள்ள இருந்த எடத்துல இருந்து சிரிச்சிட்டிருக்காரு, தை மாசப் பேச்சே இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் சுலைகா.

அஸருக்கு நேரமாகியிருந்தது. அவள் கைகால் முகம் கழுவி ஒளூச் செய்துவிட்டு வந்து தொழுகைத் துணியை விரித்தாள். தொழுது முடித்துக் கையேந்தியபோது, கம்பவுண்டரின் பெயரையும் அவருடைய நாலு பிள்ளைகளையும் சொல்லிக் கேட்டாள். வெளியே கமருதீன், யார் சொல்லியிருப்பார்கள் என்று ஊரில் ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டிருந்தார்.